புதுப்பிப்பு: ஷார்ஜாவில் அரபு வழித் தனியார் பள்ளி

அமீரகக் கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தை அரபு வழியில் கற்பிக்கும் தனியார் பள்ளியில், கட்டணம் குறைவு என்பதால் பிள்ளைகள் இருவரையும் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பள்ளியை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பேருந்து, சீருடை, புத்தகச் செலவைச் சேர்த்தாலும் கட்டணம் எங்கள் கைக்கு அடக்கமாகவே இருக்கிறது. ஆனால், குர்ஆனைத் தட்டுத்தடங்கலின்றி ஓதும் மூத்தவளிடம் அங்கிருந்த அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தபோது, அ, இ, உ ஒலிகளைக் காட்டும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் இல்லாத வரியில் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். ஓதுவது வேறு, பாடத்தைப் படித்துப் பொருள் கொள்வது வேறு என்று பலர் இங்கே எச்சரித்தது சரிதான். வீட்டுப்பாடத்துக்கு எங்களால் உதவ இயலாது. டியூஷன் வைத்தால் மிச்சமாகும் பணம் அதற்கே போய்விடும். ஊர் திரும்ப நேர்ந்தால், தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் கட்டாயம் என்பதையும் கருத வேண்டியிருக்கிறது.

ஆகவே மூத்தவள் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியிலேயே தொடர்வாள்; அங்கும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபு கட்டாயப் பாடம்தான். மழலையர் வகுப்பில் தொடங்கவிருக்கும் இளையவனுக்கு மட்டும் அரபுப் பள்ளியில் விண்ணப்பித்திருக்கிறோம். என் மனைவிக்கு இதில் இன்னும் அரைமனதுதான்.