சந்தையில் 10 வீதக் கழிவு: நடத்தைக் கோவை சட்டமானால் நிற்குமா?

செம்மண்தோட்டம்:
எங்கள் தோட்டம் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம், ஆறு பரப்பு. போன செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய் கொண்டுபோனேன். தராசு 120 கிலோ காட்டியது. கையில் தந்த துண்டில் 108. மிச்சம் பன்னிரண்டு கிலோவையும் ‘கழிவு’ என்று காசு தராமல் எடுத்துக்கொண்டார்கள். கிலோ 150 ரூபாய்ப்படி 1,800 ரூபாய். முதல்நாள் பின்னேரம் முழுக்க வீட்டுக்காரியும் நானும் குனிந்து நின்று பிடுங்கிய காய். புழுக் குத்தினதை வரம்பிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் மூட்டை கட்டினோம். அந்தத் துண்டு இப்பவும் என்னிடம் இருக்கிறது. சிகரெட் பெட்டி மட்டையின் பின்பக்கம். கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, நிறையும் காசும் மட்டும்.

கழிவு எடுக்க மாட்டோம் என்று வியாபாரிகளே கையெழுத்து வைத்த கடதாசி சந்தைச் சுவரில் ஒட்டிக் கிடக்கிறது. மூன்று கிழமை கடைப்பிடித்தார்கள், அப்புறம் பழையபடி. வெளிநாடுகளில் இப்படியான நடத்தைக் கோவையை, அதாவது வியாபாரி எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளை, அரசாங்கமே சட்டமாக்குகிறதாமே? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெல்பேர்ண்வாசி:
அண்ணை, நான் இங்கே மரக்கறி மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். அவுஸ்திரேலியாவில் மரக்கறி, பழ வியாபாரத்துக்கு 2007 முதல் கட்டாயக் கோவை உண்டு. 2017-இல் அதைப் புதிதாக எழுதினார்கள். விவசாயியோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வியாபாரி சரக்கு வாங்க முடியாது. தரகுக்கு விற்றுக் கொடுக்கிறாரா, தானே வாங்குகிறாரா என்பதும், எந்தக் காரணத்துக்குச் சரக்கைத் திருப்பலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். பிறகு நிறை, தரம், விலை எல்லாம் போட்டுச் சிட்டை கொடுக்க வேண்டும். மீறினால், வியாபாரப் போட்டியையும் நுகர்வோர் விஷயத்தையும் கவனிக்கிற அரச ஆணையம் வழக்குப் போடும்.

நீங்கள் சொன்ன சுவர்க் கடதாசிக் கதை இங்கேயும் நடந்ததுதான். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளுக்கான கோவை 2015-இல் விரும்பினால் சேரலாம் என்று வந்தது. மீறினால் தண்டப்பணம் கிடையாது. கடைசியில் 2025 ஏப்ரல் 1 முதல் அதைக் கட்டாயமாக்கி, தண்டப்பணமும் வைத்தார்கள்.

தராசுக்காரன்:
தம்பி, நான் இருபது வருடமாகச் சந்தையில் நிற்கிறேன். ஈர வெங்காயம் கொழும்பு போய்ச் சேரும்போது மூட்டைக்கு எவ்வளவு நிறை குறையும் என்று உங்களுக்கே தெரியும். மண்ணும் தாளுமாகக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு. அந்த நட்டத்தை நாங்கள் யார் தலையில் போடுவது?

செம்மண்தோட்டம்:
அண்ணை, வாடல் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஈர வெங்காயத்துக்கும் பத்து, காலையில் வந்த கத்தரிக்கும் பத்து என்றால் அது எப்படி வாடலாகும்? மண் இருந்தால் விலையைக் குறையுங்கள், தராசில் கைவைக்க வேண்டாம். விலையைக் குறைத்தால் நான் பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். நிறையில் எடுத்தால் எல்லாக் கடையும் ஒன்றுதான், நான் எங்கே போவது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் (2003, 9-ஆம் இலக்கம்) வர்த்தகர் சங்கங்களோடு எழுத்து உடன்படிக்கை செய்ய இடம் கொடுக்கிறது. ஆனால் அது வாங்கிச் சாப்பிடுகிற ஆட்களை நினைத்து எழுதியது. எங்களுக்குக் கிட்ட உள்ள வழி பிரதேச சபைதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தைக்கு உபவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் விதி, போட அதற்கு அதிகாரம் உண்டு. முழு நிறைக்கும் காசு, கடைப் பெயரும் திகதியும் போட்ட சிட்டை: இந்த இரண்டையும் உபவிதியாக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு அந்த மட்டையையும் கொண்டுபோகிறேன்.

மெல்பேர்ண் தம்பி, உங்கள் கடைச் சிட்டை ஒன்றைப் பெயர்களை மறைத்துப் படமெடுத்துப் போடுவீர்களா? சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது.