ஃபைபர் போட் கனத்துவிட்டது, உள்ளே தண்ணீர். அவசர உதவி

நாகை_அணியம்
வணக்கம். எங்கள் ஃபைபர் போட் வரவர கனத்துக்கொண்டே போகிறது. முன்பு கரையில் ஏற்ற எட்டுப் பேர் போதும். இப்போது பன்னிரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. நேற்று பம்ப் பைப்புக்கு கிளிப் அடிக்க, படகு மிதக்க ஃபோம் அடைத்து மூடிய பெட்டியின் அடியோரம் ட்ரில் போட்டேன். ஓட்டை வழியே காவி நிறத்தில் தண்ணீர் வந்தது, ஒரே நாற்றம். உள்ளே ஃபோம் ஊறிவிட்டது என்கிறார்கள். காய வைத்தால் சரியாகுமா? ஹீட் கன் வாடகைக்குக் கிடைக்கிறது. அடுத்த வாரம் தொழிலுக்குப் போக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்
எத்தனை அடி? எந்த வருஷத்துப் படகு? எந்தப் பெட்டி, அணியத்திலா (முன்முனையிலா) பக்கத்திலா? உள்ளே இருப்பது வெள்ளைத் தெர்மாகோலா, மஞ்சள் ஃபோமா? இது தெரியாமல் என்னத்தைச் சொல்வது?

தூத்துக்குடி_மெக்கானிக்
ஃபோமை விடுங்கள், முதலில் இன்ஜின் மாட்டும் பலகையைத் தட்டிப் பாருங்கள். நான் பார்த்த பத்துப் படகில் எட்டில் அந்த பிளைவுட்தான் முதலில் அழுகியது. போல்ட் ஓட்டை வழியாக நீர் இறங்கி, அங்கிருந்துதான் பெட்டிக்குப் போகும்.

கப்பல்_ஞானி
இந்தக் கேள்வி இங்கே நூறு முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 1958-லேயே அமெரிக்காவில் பாஸ்டன் வேலர் கம்பெனி 13 அடிப் படகை ஃபோம் நிரப்பி விற்றார்கள். அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அறுத்த பாதியை ஓட்டியும் காட்டினார்கள். நல்ல ஃபோம் ஊறாது. உங்களுடையது மட்டமான ஃபோம், அவ்வளவுதான்.

பருத்தித்துறையான்
அறுத்தது புதுப் படகு, ஐயா. இருபது வருஷம் உப்புத் தண்ணியில் கிடந்ததை அறுத்துக் காட்டினால் அப்போது கதைப்போம். குட்டிக் குட்டிக் காற்றறைகள் மூடியே இருக்கிற, மூடிய அறை ஃபோமும் ஊறும். அலையில் தளம் அதிர அதிர அறைச் சுவர் உடையும், தண்ணி தேங்கி நின்றால் மெல்ல மெல்ல உள்ளே போகும்.

நாகை_அணியம்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். 24 அடி. சுனாமிக்குப் பிறகு 2006-இல் வந்த படகு. இரண்டு பக்கமும் பெட்டி, ஒவ்வொன்றும் 12 அடி நீளம், அகலமும் உயரமும் ஒரு அடி இருக்கும். ஃபோம் மஞ்சள். ஹீட் கன் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பட்டறைக்காரன்
ஹீட் கன் வேண்டாம் தம்பி. ஃபோம் தானே வெப்பம் கடத்தாத பொருள். மேல் ஃபைபர் கருகும், உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். ஓட்டை போட்டு வடித்தாலும் தேங்கியது மட்டும்தான் வடியும், ஃபோம் குடித்தது வராது. ஒரு வேலை செய்யுங்கள். அடியில் சின்னதாக ஒரு சதுரம் வெட்டி, பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரத்தில் ஒரு கட்டி எடுங்கள். அது சரியாக ஒரு லிட்டர் அளவு. காய்ந்த ஃபோம் என்றால் 30, 40 கிராம்தான் இருக்கும். காய்கறிக் கடைத் தராசில் போட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்
பெட்ரோல் கசிவு இருந்ததா என்றும் பாருங்கள். தெர்மாகோல் என்றால் பெட்ரோலில் சர்க்கரை மாதிரிக் கரைந்துவிடும். ஃபைபரை இறுக்கும் பசையான ரெசினில் இருக்கும் ஸ்டைரீனும் அதைக் கரைக்கும்.

தூத்துக்குடி_மெக்கானிக்
அவர் மஞ்சள் ஃபோம் என்று சொல்லிவிட்டார். பலகையைத் தட்டினீர்களா இல்லையா?

நாகை_அணியம்
640 கிராம். கையில் பிழிந்தால் ஊறப்போட்ட பஞ்சு மாதிரி சொட்டுகிறது. பலகையை இன்னும் தட்டவில்லை.

பட்டறைக்காரன்
சரி, கணக்கு முடிந்தது. இரண்டு பெட்டியும் சேர்த்து 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர். நீங்கள் எடுத்தது அடிப்பகுதி, மேலே இவ்வளவு ஊறியிருக்காது. பாதி என்று வைத்தாலும் 200 கிலோ தண்ணீர். மூன்று ஆளைப் பெட்டிக்குள் உட்கார வைத்துத்தான் இத்தனை நாள் தொழிலுக்குப் போயிருக்கிறீர்கள். பாரத்தை விடப் பெரிய விஷயம், படகில் நீர் நிறைந்தால் இந்த ஃபோம்தான் தாங்க வேண்டும். அதன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கப்பல்_ஞானி
அதனால்தான் அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுகளில் ஃபோம் கட்டாயம். நம் ஊரில் யார் கேட்பது?

பருத்தித்துறையான்
ஃபோம் கட்டாயம் இல்லை. மிதப்புத்தான் கட்டாயம். எதைப் போட்டு மிதக்க வைக்கிறீர்கள் என்பது கட்டுகிறவர் விருப்பம். நாங்கள் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் போத்தல் அடைத்தோம். நனைந்தால் கழற்றிக் கழுவி மறுபடி போடலாம்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்
பாட்டில் அடுக்கினால் இடைவெளி நிறைய விழும். அந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் புகும். அதே பெட்டியில் மிதப்பு குறையுமே?

பருத்தித்துறையான்
குறையட்டும். ஊறின ஃபோமை விட மேல்தானே?

கப்பல்_ஞானி
பாட்டில் அடைத்த படகில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன்.

பருத்தித்துறையான்
உங்கள் பிள்ளை படகில் ஏறின மாதிரியே தெரியவில்லை.

பட்டறைக்காரன்
சண்டை போதும். தம்பி, முறையைச் சொல்கிறேன். பெட்டியின் மேல் மூடியைச் சுற்றிலும் இரண்டு அங்குலம் விளிம்பு விட்டு கட்டரால் அறுங்கள். அந்த மூடியே திரும்ப உதவும், தூக்கி எறியாதீர்கள். ஃபோமை மண்வெட்டியால் கோருங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. ஒரு வாரமாவது வெயில் காட்டி, பாலிதீன் தாளை உள்சுவரில் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளுக்குள் முத்து முத்தாக நீர் நின்றால் இன்னும் ஈரம். ஈர ஃபைபரில் ரெசின் பிடிக்காது.

புது ஃபோம் ஊற்றுவதென்றால் மழை ஈரத்தில் ஊற்றாதீர்கள். ஃபோமாகப் பொங்கும் அந்த ரசாயனம் தண்ணீரோடும் சேர்ந்து பொங்கும், ஃபோம் பொருபொருவென்று கெட்டுப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடங்கிய பிறகு அடுத்தது. ஒரே மூச்சில் ஊற்றினால் இருபத்தைந்து மடங்கு பொங்கித் தளத்தையே தூக்கிவிடும். ஒருவர் பெட்டி வெடித்ததைக் கண்ணால் பார்த்தேன். மூடியைத் திரும்ப வைத்து, விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, 450 மேட் (ஃபைபர் விரிப்பு) ரெசின் தடவி இரண்டு அடுக்கு. எங்கே தண்ணீர் புகுந்தது என்று கண்டுபிடிக்காமல் மூடினால் இரண்டு வருஷத்தில் திரும்பவும் எழுதுவீர்கள். படகின் விளிம்பில் அடித்த ரப்பர் பட்டையின் ஸ்க்ரூ ஓட்டைகளில் தேடுங்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்
ஒன்று முக்கியம். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, கடைசியில்தான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி போடுங்கள்.

தூத்துக்குடி_மெக்கானிக்
பலகை?

(பதினெட்டு நாள் கழித்து)

நாகை_அணியம்
ஒரு பக்கம் முடிந்தது. கோரிய ஃபோம் மாட்டுவண்டி அளவு வந்தது. பலகையும் அழுகல்தான், சாவியை வைத்துக் குத்தினால் உள்ளே போகிறது. மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. இன்று கரையேற்ற ஒன்பது பேர் போதுமாக இருந்தது. அடுத்த பக்கம் பிறகு.

பருத்தித்துறையான்
சந்தோஷம் தம்பி. உள்ளே கடைசியில் என்ன போட்டீர்கள், ஃபோமா போத்தலா?

கப்பல்_ஞானி
நானும் அதைத்தான் கேட்கிறேன்.