டாட் 4 பிரேக் ஆயில் போட்ட வண்டிக்கு டாட் 5.1 ஊற்றலாமா?

மலைச்சாலை: பிரேக் ஆயில் ஊற்றும் ரிசர்வாயர் மூடியில் டாட் 4 என்று போட்டிருக்கிறது. ஆள், சுமை இரண்டோடும் அடிக்கடி மலை இறங்கும் வண்டி. 5.1-க்கு மாறினால் பலன் உண்டா?

டிஸ்க்பேட்: தாராளமாக மாறுங்கள். டாட் 4-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, 5.1-க்கு 260. தண்ணீர் ஏறிய பிறகு அது 155, இது 180. இறக்கத்தில் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சூடேறி ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போய்விடும். அந்த 25 டிகிரியை விடக்கூடாது.

ஏர்லாக்: கணக்கு சரி, முடிவு தப்பு. 180 என்பது 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய 5.1-க்கு. புதிதாகப் பிரித்த டாட் 4-க்கோ 230. எதை ஊற்றினோம் என்பதைவிட எப்போது மாற்றினோம் என்பதுதான் பெரிது. ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் உள்ளே போகும், மூடி இறுக்கமாக இருந்தாலும்.

டிஸ்க்பேட்: அப்படியானால் 5.1-ஐயே நேரத்துக்கு மாற்றலாமே! இன்னொன்று, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது) வால்வுகளில் ஆயில் சட்டென்று ஓட வேண்டும். மைனஸ் 40 டிகிரியில் டாட் 4-இன் பாகுத்தன்மை 1800 சென்டிஸ்டோக் வரை போகலாம், 5.1-க்கு உச்சவரம்பே 900.

ஏர்லாக்: அதை ஏற்கிறேன். ஆனால் கையேடு 'கிளாஸ் 6' (ஐஎஸ்ஓ தர வகை) கேட்டால் பாகுத்தன்மை வரம்பு 750. அங்கே லோ விஸ்காசிட்டி (பாகுத்தன்மை குறைந்த) டாட் 4-தான் வேண்டும், 5.1 என்ற எண் மட்டும் போதாது. இதைவிட எனக்குப் பயம் வேறு: 5.1 என்று நினைத்து டாட் 5 வாங்கிவிடுகிறார்கள். அது சிலிகோன். 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 இவற்றோடு சேராது. உள்ளே போன தண்ணீர் கரையாமல் காலிப்பரின் அடியில் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும், 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். ஏபிஎஸ் பம்ப் அடித்தால் நுரைத்துக்கொள்ளும். டப்பாவில் 'சிலிகோன்' என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

மலைச்சாலை: மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

டிஸ்க்பேட்: ரிசர்வாயரில் உள்ள பழசைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஒருவர் பெடலை அழுத்த, மற்றவர் காலிப்பரில் உள்ள நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் திருகு) திறக்க வேண்டும். பெடலை விடும் முன் நிப்பிளை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் காற்றை இழுக்கும். ஒரு லிட்டர் போதும். ரிசர்வாயரில் மட்டம் 'MIN' கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ஏர்லாக்: பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள், அடியில் ஒரு கட்டை வையுங்கள். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக சீல் போகாத பகுதி துருப்பிடித்திருக்கும், அங்கே உரசி சீல் கிழியும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பல மாதம் முன் திறந்த டப்பாவில் மிச்சம் இருப்பது வேண்டாம்.

டிஸ்க்பேட்: மலை வண்டிக்கு 5.1, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றம். அதில் மாறமாட்டேன்.

ஏர்லாக்: டாட் 4, வருடம் ஒருமுறை. நானும் மாறமாட்டேன்.