புனைகுறியா, புனைகோலமா?

வணக்கம்.

உலகில் இல்லாத ஒரு விமானப்படையின் வண்ணங்களையும் குறிகளையும் பூண்டு நிற்கும் சிறிய விமான மாதிரியை, அதிலும் குறிப்பாக அந்தப் பூச்சையும் குறிகளையும், தமிழில் எப்படிச் சொல்வது என்ற வினாவுக்கு இதுவரை போலிக்குறி, புனைபொறி, புனைகுறி, வேடம் ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கையும் என் மேசையில் இருக்கும் மாதிரிகளோடு பொருத்திப் பார்த்தேன். எதுவும் முழுமையாகப் பொருந்தாததால் ஐந்தாவதாக ஒரு சொல்லைப் பரிந்துரைக்கிறேன்: புனைகோலம்.

போலிக்குறி என்ற சொல்லை இதற்குச் செலவிட வேண்டாம். போரில் எதிரியின் கொடியையோ சின்னத்தையோ அணிந்து தாக்குவதை 1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை தடை செய்கிறது. அந்தச் செயலைக் குறிக்கப் போலிக்குறி என்ற சொல் நமக்குத் தேவைப்படும். மாதிரி செய்பவரோ யாரையும் ஏமாற்றுவதில்லை; ஒரு படை எழுந்திருந்தால் அது எதை அணிந்திருக்கும் என்று பொறுப்போடு எண்ணிப் பார்க்கிறார். வேடம் என்பதையும் இதே காரணத்தால் விலக்குகிறேன். திரைப்படத்துக்காகப் பயிற்சி விமானத்தை வேறொரு நாட்டுப் போர் விமானமாக மாற்றிக் காட்டுகிறார்களே, அதற்கு அச்சொல் மிகவும் பொருந்தும்.

புனைபொறியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சோழரின் புலிப்பொறியும் பாண்டியரின் கயற்பொறியும் சேரரின் விற்பொறியும் அரசின் அடையாளங்களே. எந்த நாட்டு விமானம் என்று காட்ட அதன் இறக்கையில் தீட்டும் வட்டக்குறியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் பொறி என்றவுடன் இன்றைய வாசகர் மனத்தில் இயந்திரமே தோன்றுகிறது. விமானத்தைப் பற்றிய பேச்சில் புனைபொறி என்று எழுதினால், பெரும்பாலோர் அதைக் கற்பனை எஞ்சின் என்றே படிப்பார்கள்.

எஞ்சுவது புனைகுறி. இதை மறுக்க எனக்குக் கிடைத்த வலுவான சான்று கனடாவின் ஆவ்ரோ ஆரோ. 1958இல் முதன்முதலாகப் பறந்த அந்த இடைமறிப்பு விமானத்தின் திட்டம் 1959 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பறந்தவை ஐந்து மட்டுமே. எந்தப் படையணியிலும் அது சேர்க்கப்படவில்லை. ஆனாலும் அதை 1960களின் கனடியப் படையணி ஒன்றின் தோற்றத்தில் செய்து மகிழ்பவர்கள் உண்டு. அந்த மாதிரியில் உள்ள மேப்பிள் இலை வட்டக்குறி உண்மையானது. படையணியின் சின்னமும் உண்மையானதாக இருக்கலாம். அப்படியானால் குறிகளில் ஒன்றுகூடப் புனைவில்லை. அவை அனைத்தும் அந்த விமானத்தின்மேல் அப்படிச் சேர்ந்து அமைந்திருப்பதுதான் புனைவு. புனைகுறி என்ற சொல்லில் இந்த மாதிரிக்கு இடமில்லை. கற்பனை நாடானாலும் உண்மை நாட்டின் நடவாத வரலாறானாலும், இரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல்லே நமக்கு வேண்டும்.

கோலம் அதைத் தாங்கும். மணக்கோலம், போர்க்கோலம் என்னும்போது நாம் தனி அணி ஒன்றைச் சுட்டுவதில்லை. உடை, நிறம், அணி எல்லாம் சேர்ந்த முழுத் தோற்றத்தையே சுட்டுகிறோம். உருமறைப்பு வண்ணம், வட்டக்குறி, வால் பட்டை, தொடரெண், படையணிச் சின்னம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் ஒரு விமானத்தின் கோலம். புனை என்ற முன்பகுதி இன்னும் சிறப்பானது. புனைகதை, புனைபெயர் ஆகியவற்றில் அது கற்பனையைக் குறிக்கிறது. பழந்தமிழில் அழகுபடுத்துவதையும் வண்ணம் தீட்டுவதையும் குறித்தது. நெடுநல்வாடையில் வரும் ‘புனையா ஓவியம்’ என்பது வண்ணம் தீட்டாமல் கோடுகளால் மட்டும் வரைந்த ஓவியமே. கற்பனை செய்வதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும் ஒரே வினைச்சொல் தமிழில் முன்பே இருக்கிறது. இந்தக் கலையில் நாம் செய்வதும் அவ்விரண்டையும்தான்.

கைவேலையிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். இறக்கைநுனிக்கு நுனி 7.15 மீட்டர் உள்ள மிக்-21 போர் விமானம், 72இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1/72 அளவில் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் வட்டக்குறி 14 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அதற்கென ஒரு வட்டக்குறியை நானே வரைந்தேன். 1914இல் பிரிட்டிஷ் விமானங்களில் தீட்டிய நாட்டுக்கொடி தொலைவிலிருந்து ஜெர்மானியச் சிலுவையாகத் தோன்றியதால்தான் அவர்கள் பிரெஞ்சு வட்டக்குறியின் நிறவரிசையைத் திருப்பித் தமதாக்கிக்கொண்டார்கள். இது தெரிந்திருந்ததால், என் கற்பனைப் படையின் அண்டை நாடுகள் எதனோடும் குழம்பாதபடி கரும்பச்சை வளையத்துக்குள் மஞ்சள் வட்டத்தைத் தேர்ந்தேன். ஒட்டுப்படத்தை நீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, மங்கல் பூச்சின் மேலேயே ஒட்டினேன். சொரசொரப்பில் காற்று தங்கி, உலர்ந்ததும் படலத்தின் விளிம்பெங்கும் வெள்ளி போன்ற வெளிறல் பூத்தது. குறி மட்டும் தனியே துருத்திக்கொண்டு நின்றது; விமானம் எங்கோ போய்விட்டது. அதை உரித்து எடுத்து, பளபளப்புப் பூச்சுக் கொடுத்து, புதிய படத்தை ஒட்டி, இறுதியில் எல்லாவற்றின்மேலும் மங்கல் பூச்சு அடித்த பிறகே வண்ணமும் குறியும் எண்ணும் ஒரே தோலாயின. குறி என்பதற்கும் கோலம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

தரையில் இடும் கோலத்தோடு குழம்பாதா என்று கேட்கப்படலாம். போர்க்கோலத்தில் யாரும் குழம்பவில்லை. முன்னே நிற்கும் சொல் பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது, புனைக்கோலம் என்று எழுதுவது பிழை. மாதிரியைப் புனைகோல மாதிரி என்றும், அதற்கான ஒட்டுப்படத் தாளைப் புனைகோலத் தாள் என்றும் சொல்லலாம். வட்டக்குறி, தொடரெண் போன்றவை இப்போதுள்ளபடியே கோலத்தின் உறுப்புகளாக நிற்கட்டும். ஆவ்ரோ ஆரோ போன்ற வேறு மாதிரிகளிலும் இச்சொல் பொருந்துகிறதா என்று நண்பர்கள் சோதித்துப் பார்த்து, பொருந்தாத இடம் இருந்தால் சுட்டிக்காட்டுமாறு வேண்டுகிறேன்.