தோட்டத்துப் பள்ளியை உண்மையில் நடத்துவது யார்? மகளை அங்கேயே விடலாமா?

செம்பனைக்காட்டு அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். பட்டணத்திலிருந்து காரில் அரை மணி நேரம் உள்ளே வரவேண்டும். வீட்டுக்காரருக்கு செம்பனை ஆலையில் வேலை. மகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மொத்தமே 24 பிள்ளைகள்தான். பள்ளியின் பெயர் வேண்டாம், ஆசிரியர்கள் நல்லவர்கள், அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

போன மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பெற்றோர் ஒன்பது பேர் வந்திருந்தோம். செயற்குழுவுக்கு ஆள் பற்றவில்லை என்று என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். சரி, வந்தது வந்தாச்சு, ஏதாவது செய்யலாம் என்று முதலில் கூரையைப் பற்றிக் கேட்டேன்.

மகளின் வகுப்பில் மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒன்றாக உட்காருகிறார்கள். மூன்றில் நான்கு பேர், நான்கில் மூன்று பேர். பின் வரிசையில் ஒரு மேசைமேல் பிஸ்கட் டின் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் நேராக அதற்குள்தான் ஒழுகும். டின் நிரம்பினால் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்துபோய் ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டு வந்து உட்காருவான். ஒன்றரை வருடமாக இப்படித்தான். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தலைமையாசிரியர், நான் கடிதம் எழுதிவிட்டேன் என்கிறார். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இது தனியார் நிலம், பள்ளி மேலாளர் வாரியத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். வாரியத் தலைவர் ஈப்போவில் இருக்கிறார், இரண்டு தடவை போன் செய்து மூன்றாவது தடவைதான் கிடைத்தார். அவர் தோட்ட நிர்வாகத்தைக் கேட்கச் சொன்னார். தோட்டத்து மானேஜரோ, அது அரசாங்கப் பள்ளிதானே என்கிறார். அப்படியென்றால் இந்தப் பள்ளி யாருடையது?

இரண்டாவது கேள்வி. பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அங்கே நானூறு பிள்ளைகள். வேனுக்கு மாதம் 130 வெள்ளி (ரிங்கிட்). ஆறாம் ஆண்டில் எழுதும் அரசாங்கத் தேர்வான யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் எந்தப் பள்ளி எப்படி என்று பேப்பரைப் பார்த்தாவது சொல்லலாம். இப்போது எதை வைத்து முடிவு செய்வது?

பட்டணத்துத் தகப்பன் எழுதியது:

தங்கச்சி, என் இரண்டு மகன்களையும் நான் மாற்றினேன். காரணம் பாடம் இல்லை. பெரியவனுக்கு வகுப்பில் கூட விளையாட ஒரே ஒரு பையன், அவனும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். பட்டணத்தில் பந்து விளையாட ஆள் இருக்கிறது, கதை சொல்லும் போட்டி இருக்கிறது. ஆனால் வேன் காலை 5.45க்கு வந்து நிற்கும். சின்னவன் முதல் ஆறு மாதம் வேனிலேயே தூங்கி, பள்ளி வாசலில் அழுவான். 35 பேர் இருக்கிற வகுப்பில் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிய ஒரு தவணை ஆனது. முன்பிருந்த பள்ளியாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு ஆள் வந்திருக்கும். இரண்டு பக்கமும் யோசித்துச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் எழுதியது:

அம்மா, 31 வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் இரண்டு தோட்டத்துப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்தேன். அந்த பிஸ்கட் டின்னைப் படித்தபோது என் பள்ளி ஞாபகம்தான் வந்தது. எங்களுக்கு அது மைலோ டின்.

உங்களை அனுப்பிய நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டு அவர்கள் கையில் இருக்கிறது. முழுப் பள்ளியும் யார் கையிலும் இல்லை. கோளாறு அங்கேதான்.

ஆசிரியரை அனுப்புவது, சம்பளம், பாடத்திட்டம், தலைமையாசிரியர் நியமனம் எல்லாம் கல்வி அமைச்சு. அமைச்சு இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து மாநிலக் கல்வி இலாகா, அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலகம், அப்புறம் தலைமையாசிரியர். அந்த வரிசையில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஆள் ஒருவரும் இல்லை. ஒரு மாவட்டத்தில் ஐம்பது பள்ளிகள் இருந்தால் உங்கள் 24 பிள்ளைகளின் கடிதம் அந்த மேசையில் எத்தனையாவதாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் கூரையின் படத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோவேன். கோப்பைவிடப் படம் பேசும்.

நிலமும் கட்டடமும் வேறு கதை. உங்கள் பள்ளி அனேகமாகப் பகுதி உதவி பெறும் பள்ளி. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று இருந்தது. அதனால்தான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, எழுத்து வேலை பார்த்த கிராணியோ கங்காணியோ அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது, நிலம் மட்டும் தோட்டத்தின் பேரிலேயே நின்றுவிட்டது. அப்புறம் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, ஆட்கள் பட்டணத்துக்குப் போனார்கள். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள், இன்றைக்கு 500 சொச்சம். உங்கள் மானேஜருக்கு அந்தப் பள்ளி தன் நிலத்தில் நிற்பதே தெரியாமல் இருக்கலாம். நிலம் கை மாறும்போது பள்ளியைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இந்த நிலம், கட்டடத்துக்குப் பொறுப்பு பள்ளி மேலாளர் வாரியம். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. முன்னாள் மாணவர், பெற்றோர், பள்ளியை நிறுவியவர்கள் தரப்பிலிருந்து ஆட்கள் இருக்கவேண்டும். பல தோட்டங்களில் வாரியம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. தலைவர் வயதானவர், கூட்டமே நடப்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள். உங்கள் பள்ளி வாரியத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா? பெற்றோர் தரப்பில் யார்? இடம் காலியாக இருந்தால் நீங்களே போகலாம்.

நீங்கள் இருக்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு. அதன் விதிமுறைகள் 1998இல் வந்தவை. பாடம் நடத்துவதிலோ நிர்வாகத்திலோ அது தலையிடமுடியாது. தலைமையாசிரியர் அதற்கு ஆலோசகர். ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள், கோபமில்லாமல் கேளுங்கள். கூட்டக் குறிப்பில் 'கூரை' என்ற வார்த்தை ஏறவேண்டும். எழுத்தில் ஏறாத எதையும் அலுவலகம் பார்க்காது.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். பாடத்துக்கு வரும் மானியம் தலைக்கணக்கில் வருவது. பிள்ளை குறைந்தால் அதுவும் குறையும். 150 பிள்ளைகளும் அதற்குக் கீழும் இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று பெயர். 140 பேர் இருக்கிற பள்ளிக்கும் 24 பேர் இருக்கிற உங்கள் பள்ளிக்கும் அதே பெயர்தான், ஆனால் கையில் இருக்கும் காசு ஒன்றில்லை. நகல் எடுக்கும் காகிதத்தை நாங்கள் இரண்டு பக்கமும் எழுதித்தான் தீர்ப்போம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. யூபிஎஸ்ஆர் கடைசியாக 2019இல் நடந்தது, 2020இல் கோவிட்டால் இல்லை, 2021இல் எடுத்தே விட்டார்கள். எனக்கு அதில் வருத்தமும் உண்டு, நிம்மதியும் உண்டு. நிம்மதி ஏன் என்றால், சின்னப் பள்ளிக்கு அந்த விழுக்காடு பொய்க்கணக்கு. ஒரு வருடம் என் பள்ளியில் ஐந்து பேர் எழுதி ஒருவன் தவறினான். 80 விழுக்காடு என்று என்னை மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மறு வருடம் மூன்று பேர் எழுதி மூவரும் தேறினார்கள். நூறு விழுக்காடு, பாராட்டுச் சான்றிதழ். நானும் அதே ஆள், ஆசிரியர்களும் அதே ஆட்கள். தவறிய பையனுடைய அம்மா அந்த வருடம் இறந்துபோயிருந்தாள். விழுக்காடு எழுதும் கட்டத்தில் அதை எழுத இடமில்லை.

இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை கொடுக்கிறார்கள். 2022இல் நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டு இறுதித் தேர்வும் கொண்டுவந்தார்கள், அதையும் பள்ளியிலேயே திருத்தினார்கள். மகள் எத்தனையாவது வந்தாள் என்று கேட்காதீர்கள், நாலு பேரில் முதலாவது வந்து என்ன? தமிழில், மலாயில், கணிதத்தில் அடைவுநிலை என்ன, ஏன் அது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளையின் நோட்டை விரித்துக் காட்டிக் காரணம் சொல்லும் ஆசிரியர் இருந்தால், அந்தப் பள்ளியை விட்டு நகராதீர்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். போன வருடத்து மலாய்ப் பாடநூலை, அவள் மனப்பாடம் செய்யாத பக்கத்தைத் திறந்து கொடுங்கள். சத்தமாகப் படிக்கட்டும். படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் எல்லாமே மலாய். நம் பிள்ளைகள் அங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். மலாய் பற்றாத பிள்ளைகளுக்கென்று இருந்த புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, கூட்டாளிகள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கூட்டு வகுப்பைக் கண்டு பயப்படவேண்டாம். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப் பக்கம் மூன்றாம் ஆண்டு, வலப் பக்கம் நான்காம் ஆண்டு என்று நடத்தியிருக்கிறேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை தன் கணக்கைச் செய்துகொண்டே காதை வலப் பக்கம் வைத்திருக்கும். அடுத்த வருடம் பின்னம் ஆரம்பித்தால், "டீச்சர், இது போன வருசமே கேட்டது" என்று சொல்லும். ஆனால் ஆசிரியர் அடிக்கடி மாறினால் கூட்டு வகுப்பு நாசம்தான். மூன்று வருடத்தில் மகளுக்கு எத்தனை வகுப்பாசிரியர் மாறினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கெடா வாரியத்துக்காரன் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு ஒரு அனுபவம். எங்கள் பள்ளியிலும் கூரைதான் பிரச்சினை. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து காசு வசூலித்து, தகரம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து ஏறிவிட்டோம். தோட்டத்துக் காவல்காரர் வந்து நிறுத்திவிட்டார். நில உரிமையாளரின் எழுத்து அனுமதி எங்களிடம் இல்லை. தகரம் எட்டு மாதம் சாப்பாட்டுக் கூடத்தில் கிடந்தது.

அதனால் அக்கா, முதலில் நில அலுவலகத்தில் 'சாரியான்' (நிலப் பதிவுத் தேடல்) போட்டு நிலம் யார் பேரில் என்று பாருங்கள். அந்தக் கம்பெனிக்கு வாரியம் கடிதம் எழுதி, பழுதுபார்க்க அனுமதி வாங்கவேண்டும். மூன்று குத்தகையாளரிடம் விலைப்பட்டியல். அப்புறம் பள்ளி மூலமாக மேலே விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் திரும்பி வந்துவிடும். தோட்டத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே போனால், பள்ளியைத் தமிழர்கள் இருக்கிற தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாற்றுவதைப் பற்றியும் வாரியம் பேசவேண்டும். பள்ளியின் உரிமம் இருக்கும்போதே பேசவேண்டும், மூடிய பிறகு பேசிப் பயனில்லை.

செம்பனைக்காட்டு அம்மா எழுதியது:

டீச்சருக்கும் அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

சாரியான் எடுத்தோம். நிலம் இன்னும் பழைய கம்பெனியின் பேரில் இருக்கிறது, இப்போது தோட்டத்தை நடத்துகிறவர்களின் பேரில் இல்லை. மானேஜர் அந்தத் தாளைப் பார்த்து உண்மையாகவே திகைத்துப் போனார். அவரே கம்பெனி அலுவலக முகவரியை எழுதிக் கொடுத்தார். வாரியத்தில் பெற்றோர் தரப்பில் இரண்டு இடம் காலி. ஒன்றுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன், இன்னொன்றுக்கு அந்த டின் ஊற்றும் பையனின் அப்பா.

மகளுக்கு மூன்று வருடமும் ஒரே வகுப்பாசிரியர். மலாய்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள், இரண்டு இடத்தில் நின்றாள், ஆனால் ஆமை ஏன் ஆற்றுக்குத் திரும்பியது என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டாள். இந்த வருடம் முடியும்வரை மாற்றவேண்டாம் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை மலாயில் எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர், அனுப்புவதற்குமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தரமுடியுமா? கூரைப் படம் நான்கு அச்செடுத்துவிட்டேன். ஒன்றில் டின் பாதி நிரம்பியிருப்பது நன்றாகத் தெரிகிறது.