ஆப்பிரிக்கர்கள் தங்களைப் பற்றித் தாங்களே படித்துக்கொண்டது எப்படி? படிப்பகப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறு மாலை எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏதாவது படிப்போம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். இந்த மாதம் ஆப்பிரிக்கா. அந்தப் பேரைக் கேட்டதும் தோன்றுவதை எழுதச் சொன்னேன். சிங்கம், பஞ்சம், அடிமை, மண்டேலா. ஒன்பதாவது படிக்கும் ஒருத்தி மட்டும், “அவங்க ஸ்கூல்ல அவங்க வரலாறு இருக்குமா அக்கா?” என்று எழுதியிருந்தாள்.

இதற்குப் பதில் தேடினால், 1884-85 பெர்லின் மாநாட்டில் யார் யார் எந்தப் பகுதியைப் பங்கு போட்டார்கள் என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. பங்கு போடப்பட்ட மக்கள் அதற்கப்புறம் தங்களைப் பற்றி யாரிடம் தெரிந்துகொண்டார்கள்? பேரரசுகளின் பட்டியல் வேண்டாம். ராஜா பெருமை பேச நமக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை நம்பாமல் தாங்களே கற்க வழி தேடியவர்களின் கதை வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாசுப்பேட்டைவாசி (புதுச்சேரி)

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: ரொம்ப காலத்துக்கு அவர்கள் வரலாறு அவர்கள் பள்ளியில் இல்லை. என் தாத்தா இங்கே பிரெஞ்சு ஆட்சியில் படித்தவர். பிரான்ஸ் நாட்டு ஆறுகளை வரிசையாக ஒப்பிப்பார். நம் சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று அவருக்கு வகுப்பில் யாரும் சொன்னதில்லை. அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், கினி பிள்ளைகளுக்கும் அந்த மாதிரிப் படிப்புதான் கிடைத்தது.

நானாக இருந்தால் சோலோமானா கான்டேவிடமிருந்து தொடங்குவேன். கினியில் கன்கான் பக்கத்துக்காரர். 1940களில் ஐவரி கோஸ்டில் இருந்தபோது, லெபனான் பத்திரிகையாளர் ஒருவர் அரபியில் எழுதிய புத்தகம் அவர் கண்ணில் பட்டது. ஆப்பிரிக்க மொழிகளுக்கு இலக்கணம் கிடையாது, அவற்றை எழுதவே முடியாது என்று அதில் இருந்தது. கான்டே எழுதிக் காட்டுவதென்று இறங்கினார். தன் மாண்டிங் மொழியை முதலில் அரபி எழுத்தில் எழுதிப் பார்த்தார், அப்புறம் லத்தீன் எழுத்தில். சரிப்படவில்லை. அந்த மொழியில் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். அதைக் காட்ட அந்த எழுத்துகளில் வசதி இல்லை. கடைசியில் 1949இல் புதிதாக ஓர் எழுத்து முறையையே உருவாக்கினார். அதுதான் ‘ன்கோ’. வலமிருந்து இடமாக எழுதுவது. ஓசை ஏறுகிறதா, இறங்குகிறதா, நீள்கிறதா என்பதை உயிரெழுத்தின் தலைமேல் போடும் குறி சொல்லிவிடும்.

அது பரவிய விதம்தான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அரசாணை இல்லை. கற்றவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுத்தார், வியாபாரத்துக்குப் போனவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புத்தகங்களைக் கையால் படியெடுத்தார்கள். வரலாறு, மூலிகை மருத்துவம், இலக்கணம், அகராதி என்று கான்டே எழுதிக்கொண்டே இருந்தார். 1987இல் இறந்தார். 2006இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ன்கோ சேர்ந்தது, இன்று கைபேசியில் அதில் செய்தி அனுப்புகிறார்கள். படிக்கும் ஆசை இருந்த மக்களிடம் ஒரு மனிதர் எழுத்தைக் கொடுத்தார், மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். உங்கள் படிப்பகமும் அப்படித்தானே நடக்கிறது?

செனகலின் வரலாற்றாய்வாளர் ஷேக் அன்டா ஜோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு வந்த அதே 1954இல், பழைய எகிப்தை ஆப்பிரிக்க நாகரிகமாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடி அவருடைய நூல் வந்தது. எகிப்து பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். எனக்கு அந்த நூலில் பிடித்தது வேறு: ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையைச் சுருக்கி, தன் தாய்மொழியான வோலோஃபில் பெயர்த்து வைத்திருந்தார்.

நீலத்தறி (முத்தியால்பேட்டை)

லாசுப்பேட்டை ஐயா செனகல் என்றதும் எழுத வந்தேன். எங்கள் குடும்பம் தறிக் குடும்பம். கெடிலக்கரை அக்கா, உங்கள் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கா தூரமில்லை என்று காட்ட ஒரு துணி போதும்.

அவுரிச் சாயம் தோய்த்த கருநீலப் பருத்தித் துணி இங்கே புதுச்சேரியிலிருந்து கப்பலேறியது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘கினே’ என்றார்கள். பிரான்ஸ் வழியாகச் செனகல் ஆற்றுக்குப் போகும். அந்த ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டில் அது கிட்டத்தட்ட பணம். வேல மரத்துப் பிசினுக்கு விலை இத்தனை துணி என்றுதான் பேசுவார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுப் பட்டறைகளுக்குப் போகும். வாங்குகிறவர்கள் துணியை முகர்ந்து, தொட்டு, சாயம் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். மட்டமான சரக்கை அவர்களிடம் தள்ள முடியாது.

இதை மட்டும் சொன்னால் பாதிக் கதை. அதற்கு முந்தைய நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்கில் நம் சோழமண்டலக் கரைத் துணியும் இருந்தது. நெய்தவருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் சாயத்தொட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், கப்பல் எங்கே போனது என்று யாரும் பேசியதில்லை. நான் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆல்பேட்டை வாசகன் (கடலூர்)

கென்யாவை விட்டுவிடாதீர்கள். மிஷன் பள்ளிகளோடு முரண்பட்டு, 1929க்குப் பிறகு கிகுயு மக்கள் தாங்களே காசு போட்டுப் பள்ளிகள் கட்டினார்கள். தங்கள் ஆசிரியர்களைத் தாங்களே பயிற்றுவிக்க 1939இல் கிதுங்குரியில் கல்லூரியும் வந்தது. 1952இல் அவசரநிலை அறிவித்த ஆங்கிலேய அரசு அவற்றை மூடியது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் பேசுங்கள். அந்த முரண்பாடு வெடித்தது பெண் உறுப்புச் சிதைப்புச் சடங்கை வைத்து. மிஷன்காரர்கள் அதைக் கைவிடச் சொன்னார்கள், பலர் அதைத் தங்கள் பண்பாட்டின் மேல் விழுந்த அடியாகப் பார்த்தார்கள். அந்தப் பள்ளிகளை நான் மதிக்கிறேன். அந்தச் சடங்கை ஏற்க மாட்டேன். ‘எங்கள் பண்பாடு’ என்று சொல்லும்போது அதில் எதை வைத்துக்கொள்வது என்று பெண்களையும் கேட்க வேண்டும். பத்தாவது பிள்ளைகளுக்கு இது புரியும்.

அப்புறம் லிமுரு அருகே கமிரிது கிராமம். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1977இல் கிராமத்து மக்களோடு சேர்ந்து கிகுயு மொழியில் நாடகம் போட்டார். விவசாயிகளும் தொழிலாளிகளும் நடித்தார்கள், வசனத்தைத் திருத்தினார்கள், திறந்தவெளி அரங்கைத் தாங்களே கட்டினார்கள். சுதந்திர கென்யாவின் அரசுதான் அதைத் தடை செய்தது. கூகி ஓராண்டு விசாரணையின்றிச் சிறையில் இருந்தார். அங்கே கழிப்பறைக் காகிதத்தில் தாய்மொழியில் நாவல் எழுதினார். 1982இல் அந்த அரங்கை இடித்துத் தள்ளினார்கள். வெள்ளைக்காரன் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு கான்டேயை எடுக்கிறேன். கதை சொல்லி முடித்ததும், எழுதி வைக்காத ஒன்றை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லப் போகிறேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று தாத்தாக்கள் காற்றுக்குச் சொல்லும் பெயர்கள், எந்தக் காற்றில் என்ன மீன் படும் என்பது, இதெல்லாம் அவர்கள் நோட்டில் ஏற வேண்டும்.

ஆல்பேட்டை சார், கென்யாவை அதற்கடுத்த வாரம் நீங்களே வந்து பேச முடியுமா? அந்தச் சடங்கு பற்றிய பகுதிக்கு நானும் கூட இருப்பேன், பெண் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தயங்க மாட்டார்கள். நீலத்தறி, அவுரி தோய்த்த துணி ஒரு முழம் கிடைத்தால் கொண்டு வாருங்கள். பழையதாக இருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். நாலு மணிக்குத் தொடங்குவோம், முதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கி போன் செய்தால் பையன் ஒருவனை அனுப்புகிறேன்.