நம்ம ஊர்ச் சாக்கடைக்கு அரசு நிதி: எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

வெண்ணாற்றங்கரை:

எங்களுடையது டெல்டாவில் 60,000 பேர் வாழும் நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. புதிதாகப் போட்ட கான்கிரீட் மழைநீர் வடிகாலில் வீட்டுக்கு வீடு துளை போட்டு பிவிசி குழாயைச் சொருகிவிட்டார்கள். குளியலறைத் தண்ணீரோடு செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதும் அதில்தான் போகிறது. சித்திரை வெயிலிலும் அந்த வடிகால் காய்ந்து நான் பார்த்ததில்லை. அது போய் முடிகிற இடம் கோயில் குளம். ஐப்பசியில் மழை வலுத்தால் அதே தண்ணீர் கீழத்தெரு வீடுகளில் முழங்கால் அளவு நிற்கிறது.

ஊர் முழுக்கப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். நிதி இல்லை என்று பதில் வந்தது. சென்னைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? அங்கே கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மழைநீர் வடிகால் போட 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2023 டிசம்பரில் தேசியப் பேரிடர் தணிப்பு நிதியில் சென்னைக்கு 561.29 கோடி ரூபாய்க்கு ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டம் அறிவித்தார்கள். நாமும் பத்தாயிரம் கையெழுத்து வாங்கி எம்.எல்.ஏ., எம்.பி. இருவரிடமும் கொடுக்கலாம் என்கிறேன். ஒரே கோரிக்கை: முழு ஊருக்கும் பாதாளச் சாக்கடை.

ஓவர்சீயர் (ஓய்வு):

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கோரிக்கையை இப்படி எழுதினால் மறுபடியும் திரும்பித்தான் வரும்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசுத் திட்டம் அம்ருத். அதன் இரண்டாம் கட்டமான அம்ருத் 2.0 வந்தது 2021 அக்டோபரில். அதில் குடிநீர் எல்லா ஊருக்கும் உண்டு, கழிவுநீருக்கான பணமோ பழைய அம்ருத் பட்டியலில் இருந்த 500 நகரங்களுக்குத்தான். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களின் பட்டியல். நம் மாதிரி ஊருக்குக் கழிவுநீர்ப் பணம் தூய்மை இந்தியா நகர்ப்புறம் 2.0 வழியாக வருகிறது. மத்திய அரசின் பங்கு பாதி. அதிலும் தெருத்தெருவாகக் குழாய் பதிக்கப் பணம் கிடையாது. சுத்திகரிப்பு நிலையம், வடிகால் முடிகிற இடத்தில் கழிவுநீரை மறித்துத் திருப்பும் அமைப்பு, அதற்கான பம்ப், குழாய், செப்டிக் டேங்க் உறிஞ்சும் வண்டி, இவற்றுக்குத்தான் கொடுப்பார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது மறித்துத் திருப்புவதை. குளத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு, பக்கத்தில் ஒரு கிணறு, அங்கிருந்து பம்ப் வைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. மழை இல்லாத நாளில் குளத்துக்கு ஒரு சொட்டுக் கழிவுநீர் போகாது. பாதாளச் சாக்கடைக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பகுதிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்ருத் 2.0-ல் நீர்நிலைப் புனரமைப்புக்குச் சின்ன ஊர்களும் கேட்கலாம். மழைநீரை வடிகால் வழியே குளத்துக்குக் கொண்டுவரும் வேலையும் அதில் அடங்கும். ஆனால் சாக்கடை கலக்கிற குளமாக இருக்கக் கூடாது. நம் மழைநீர் வடிகாலுக்கான பணத்தைத் தடுத்து வைத்திருப்பதே அந்தப் பிவிசி குழாய்கள்தான்.

தமிழ்ச்செல்வி:

ஐயா, விதி தெளிவாகப் புரிகிறது. அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் சொல்கிற அமைப்பு வந்தாலும் எங்கள் தெருவில் வாசலுக்கு முன்னால் சாக்கடை திறந்தேதான் ஓடும், கொசு அப்படியேதான் இருக்கும். மழை பெய்தால் தடுப்பைத் தாண்டி எல்லாம் குளத்துக்குத்தான் போகும். குளத்தைக் காப்பாற்றுகிற திட்டம் இது. தெருவில் இருக்கிற மனிதர்களுக்கு என்ன செய்கிறது?

செப்டிக் டேங்கை நம்பியே இருங்கள் என்பதும் சின்ன விஷயமில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. பத்து வருடம் கழித்து 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் போன மாசியில் ஒரு வீட்டில் வண்டி உறிஞ்சியது போக அடியில் கட்டியாகக் கிடந்ததை எடுக்க, கயிறு கட்டி ஒருவரை இறக்கப் பார்த்தார்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போய் நின்று தடுத்தோம். எல்லா நாளும் யார் போய் நிற்பது?

ஒரு லட்சம் பேர் இருந்தால் குழாய், 60,000 பேர் என்றால் வண்டி. இந்தப் பிரிவினையை எதிர்த்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஓவர்சீயர் (ஓய்வு):

அம்மா, ஆளை இறக்குவது பற்றிச் சொன்னதில் மறுபேச்சே இல்லை. அது குற்றம். ஆனால் ஆட்கள் இறப்பது செப்டிக் டேங்கில் மட்டுமல்ல, பாதாளச் சாக்கடை மேன்ஹோலிலும்தான். அடைப்பு எடுக்க இயந்திரம் வாங்காத ஊரில் குழாய் பதித்தால் ஆபத்து இடம் மாறும், அவ்வளவுதான்.

குழாய் ஏன் அடைக்கிறது என்று பாருங்கள். கழிவு படியாமல் போக, குழாயில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், சரிவும் வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது வழிகாட்டு நெறி. நம் ஊரில் எல்லாம் சேர்த்து 70 லிட்டர் வந்தாலே அதிகம். சரிவுக்கு டெல்டாவில் எங்கே போவது? தட்டையான தரை. கொஞ்ச தூரம் போனாலே குழாய் நாலைந்து மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் இரண்டு மீட்டர் தோண்டினாலே இங்கே தண்ணீர். இணைப்புகள் வழியே மண்ணும் ஊற்றுநீரும் குழாய்க்குள் புகும், மேலே சாலை உள்வாங்கும். மயிலாடுதுறையில் சாலை திரும்பத் திரும்ப உள்வாங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஊரில் குழாய் பதித்து, நீரேற்று நிலையமும் கட்டி முடித்தோம். வீட்டு இணைப்பு வாங்க ஆள் வரவில்லை. வாசலைத் தோண்ட வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும், பழைய டேங்கே போதும் என்றார்கள். மின் கட்டணம் மட்டும் மாதாமாதம் வந்தது.

வரவுசெலவு:

நான் உள்ளாட்சித் தணிக்கை பக்கம் இருப்பவன். இரண்டு பேரும் மானியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டுவதற்கு ஒருமுறை யாராவது பணம் கொடுத்துவிடுவார்கள். ஓட்டுவதற்கு யார் கொடுப்பது என்பதைச் சொல்லாத கோப்பு எந்த மேசையிலும் நகராது.

சென்னையை ஒட்டிய ஆலந்தூரைப் பாருங்கள். 1990-களின் கடைசியில் அது தனி நகராட்சி. ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தார். பாதாளச் சாக்கடைக்குக் கட்டணம் கட்டத் தயாரா என்று மக்களிடம் கணக்கெடுத்தார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட். குடியிருப்போர் சங்கங்கள் முன்னால் நின்று வசூலித்தன. மக்கள் பணம் வங்கியில் இருக்கிறது என்று காட்டியதால்தான் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் துணிந்து கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, இயக்கி, ஒப்படைப்பது என்று ஒப்பந்தம். மொத்தம் சுமார் 34 கோடி ரூபாய் வேலை. மாதக் கட்டணம் 150 ரூபாய் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

தனியாகக் கடன் வாங்கும் அளவுக்கு வலு இல்லாத ஊர்களுக்கும் வழி இருந்தது. 2002-ல் தமிழ்நாட்டில் 13 சிறு உள்ளாட்சிகள் சேர்ந்து, ஒரு கூட்டு நிதியம் வழியாகச் சுமார் 30 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது.

நம் ஊரில் 12,000 இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 150 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2.16 கோடி. அந்த வருமானத்தைக் காட்டினால் செல்வி மேடம் கேட்கிற குழாயையே கட்டம் கட்டமாகக் கடனில் போடலாம். மக்கள் ஒரு பைசா தர மாட்டார்கள் என்று முடிவு செய்தால், ஓவர்சீயர் ஐயா சொல்லும் சின்னத் திட்டம்கூட மூன்றாம் வருடம் பம்ப் ரிப்பேரில் நின்றுவிடும்.

மேஸ்திரி மகன்:

சார், ஆலந்தூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். மாதச் சம்பளக்காரர்கள் நிறைய. எங்கள் கீழத்தெருவில் அறுவடை முடிந்தால் ஆறு மாதம் வேலை இல்லை. 5,000 என்ன, 500 ரூபாய் டெபாசிட் என்றாலே பாதி வீடு விலகிவிடும். விலகிய வீட்டைத் தவிர்த்துக் குழாய் போடுவார்கள். யார் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறதோ அவர்களுக்குத் திட்டம் கிடைக்காது.

சொத்து வரி கட்டுகிறோம். 15-வது நிதிக்குழு மானியத்தில் நம் அளவு ஊர்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிக் கட்டி வைத்தார்கள். அது எந்தத் தெருவில் செலவானது என்று முதலில் கணக்கு வையுங்கள். அதைப் பார்த்த பிறகு எங்களிடம் கேளுங்கள்.

வரவுசெலவு:

கணக்குக் கேட்பது உங்கள் உரிமை, வார்டு மக்கள் கூடும் பகுதி சபாவிலேயே கேட்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே டெபாசிட் என்று நான் சொல்லவில்லை. திருமண மண்டபம், லாட்ஜ், மருத்துவமனை, மூன்று மாடி வீடு எல்லாம் ஒரு விகிதம், ஓட்டு வீடு இன்னொரு விகிதம். கீழத்தெருவுக்கு டெபாசிட்டே வேண்டாம் என்று மன்றம் தீர்மானிக்கலாம். யாரும் எதுவும் தர வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வடிகாலில் முதலில் குழாய் சொருகியது அந்த மூன்று மாடி வீடுகள்தான்.

தமிழ்ச்செல்வி:

அந்த விகிதம் சரி. மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் முதல் நாளே நோட்டீஸ் போகட்டும். ஆனால் ஓவர்சீயர் ஐயாவின் 70 லிட்டர் வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் குறைவு என்பதால் குழாய் வேண்டாம் என்றால், குடிநீரைக் கூட்டக் கேட்க வேண்டியதுதானே? அதற்குத்தான் அம்ருத்தில் வழி இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

ஓவர்சீயர் (ஓய்வு):

கேட்கலாம் அம்மா, கேட்கத்தான் வேண்டும். வரிசை மாறக் கூடாது என்பதுதான் என் வாதம். குடிநீர் முதலில் கூடட்டும். அதுவரை இன்றைக்கு வருகிற கழிவுநீரை மறிப்போம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் எடுக்கும்போது பின்னால் குழாய் வந்தாலும் தாங்குகிற அளவுக்கு எடுத்துவிட வேண்டும். இன்றைய 70 லிட்டர் கணக்கில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பினால் நாளைக்கு சுமார் 34 லட்சம் லிட்டர். 135 லிட்டர் வந்தால் 65 லட்சம். நிலத்தை 65 லட்சம் லிட்டருக்குக் கேளுங்கள், இயந்திரத்தை 34 லட்சம் லிட்டருக்குக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

ஐயா, அப்படியென்றால் மனுவில் என்ன எழுதுவது? கையெழுத்து வாங்கவே வேண்டாம் என்கிறீர்களா?

ஓவர்சீயர் (ஓய்வு):

வாங்குங்கள். ஆனால் கையெழுத்தோடு, எவ்வளவு கழிவுநீர் ஓடுகிறது என்ற அளவும் போக வேண்டும். மன்றம் அனுப்பிய தீர்மானத்தில் ஓர் எண்கூட இல்லை என்பதுதான் அதன் பலவீனம்.

மழை இல்லாத நாளாகப் பார்த்து, வடிகால் குளத்தில் விழுகிற வாயில் வி-வடிவ வெட்டு உள்ள பலகையைப் பொருத்துங்கள். பக்கவாட்டில் களிமண் வைத்து ஒழுக்கை அடைத்துவிட்டு, வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று மணிக்கு ஒருமுறை குறியுங்கள், 24 மணி நேரமும். அந்த உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஸ்கேலைப் பலகையை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே தண்ணீர் சரிந்து அளவு குறைவாகக் காட்டும். கொஞ்சம் மேல்பக்கம் வையுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஏறும், ராத்திரி இரண்டு மணிக்கும் ஓட்டம் பெரிதாகக் குறையாவிட்டால் எங்கோ குடிநீர்க் குழாய் கசியலாம், இல்லை ஊற்றுநீர் புகலாம். பாலிடெக்னிக் பிள்ளைகள் நாலு பேர் வந்தால் போதும், நான் கூடவே நிற்கிறேன். விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கிறவர்கள் இந்த அளவை இன்னொரு ஊர் அறிக்கையிலிருந்து எடுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த அறிக்கை தொழில்நுட்ப அனுமதியில் நிற்கும்.

இரண்டாவது நிலம். திட்டங்கள் சாகிற இடம் அதுதான். நீர்நிலைப் புறம்போக்கைக் காட்டினால் நீதிமன்றத்தில் நிற்காது. கோயில் நிலம் என்றால் தனி அனுமதி. பக்கத்து ஊராட்சி எல்லையில் எடுத்தால் அந்த ஊர்க்காரர்கள் மறிப்பார்கள், அவர்கள் மறிப்பதும் நியாயம். நகராட்சி பெயரில் பட்டா உள்ள இடம் எது என்று வருவாய் ஆவணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி மாதிரி யோசிக்கலாம். அங்கே பேரூராட்சி இடத்தில் செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டினார்கள், பக்கத்து மதுராந்தகத்துக் கழிவையும் அதே நிலையம் எடுத்துக்கொள்கிறது. நமக்கும் பக்கத்தில் ஒரு பேரூராட்சி இருக்கிறது. இருவரும் சேர்ந்து கேட்டால் கோப்புக்கு எடை கூடும்.

மேஸ்திரி மகன்:

நிலம் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழத்தெருவுக்குப் பின்னால் நகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது, பட்டாவும் உண்டு. எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பீர்கள். ஊர்க் குப்பையைச் சுமக்கிற தெருவே ஊர்ச் சாக்கடையையும் சுமக்க வேண்டுமா?

தமிழ்ச்செல்வி:

அந்த இடத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு இடம் பாருங்கள். சந்தைப்பேட்டைக்கு வடக்கே நகராட்சிக்கு இடம் இருப்பதாகச் சொல்கிறார்கள், அதன் சர்வே எண்ணை நான் தாலுகா அலுவலகத்தில் கேட்கிறேன். அதோடு, கீழத்தெருவில் தண்ணீர் தேங்காமல் வடிவதற்கான வேலை முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டும், இரண்டாம் கட்டம் என்று தள்ளக் கூடாது.

ஓவர்சீயர் (ஓய்வு):

சந்தைப்பேட்டை மேடான பக்கம். பம்ப் பெரிதாக வேண்டும், மின் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவை வரவுசெலவு சார் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். இணைப்புக் கட்டணத்தில் தாங்கும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழத்தெரு வேலையை மனுவின் முதல் பத்தியாகவே எழுதுங்கள், நான் வரைபடம் போட்டுத் தருகிறேன்.

வரவுசெலவு:

எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் தூரம் என்று மட்டும் கொடுங்கள். கணக்கை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன். ஆனால் மண்டபங்களும் லாட்ஜும் கட்டணம் தருவோம் என்று எழுதிக் கொடுக்காமல் அந்த எண்ணை மனுவில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.